கோழிக்கூட்டில் நோயும் சாவும்: கூட்டுக்காரி பதில்கள்

சிங்கப்பூரில் லிம் சூ காங் முட்டைப் பண்ணை ஒன்றில் நோய்த்தடுப்பு வேலை பார்த்தவள் நான். கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் எந்த மருந்துக்கும் அளவு சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். மற்றவற்றைக் கேளுங்கள்.

கேள்வி (ஈசூன், தரைவீடு): அக்கா, எங்களிடம் நான்கு வெடைக்கோழிகள். ஒன்று மூன்று நாட்களாக நடக்க முடியாமல் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக் கிடக்கிறது. தீனி எடுக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது. வயது நான்கு மாதம். சுளுக்கா?

சுளுக்காக இருக்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் நான்கு மாத வெடை, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, பசி மட்டும் குறையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாரெக் நோயைத்தான். இது ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ். நரம்புகளைத் தாக்குவதால் கால் விழுகிறது. சில கோழிகளுக்கு இறக்கை தொங்கும், சிலவற்றுக்குக் கண்ணின் கருமணி கோணலாகி, அதைச் சுற்றிய வளையம் சாம்பல் நிறமாகும். உள்ளுறுப்புகளில் கட்டியும் வரலாம். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, ஆனால் அதைக் குஞ்சு பொரித்த அன்றே பொரிப்பகத்தில் போட வேண்டும். தடுப்பூசி போட்ட கோழியும் வைரஸைச் சுமக்கலாம். அதற்கு நோய் முற்றுவதை மட்டும் ஊசி தடுக்கிறது.

இறகின் வேரிலிருந்து உதிரும் தூசியில்தான் இந்த வைரஸ் பரவுகிறது. கூண்டுத் தூசியில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே மற்ற மூன்றும் இந்நேரம் அதைச் சுவாசித்திருக்கும். அவற்றுக்கு வந்தே தீரும் என்று பொருளில்லை. பல கோழிகள் தாங்கிக்கொள்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது: படுத்திருக்கும் கோழியைத் தனியே எடுத்து மெத்தென்ற கூளத்தில் வையுங்கள். தண்ணீரும் தீனியும் அலகுக்கு எட்ட வேண்டும். மற்றவை அதைக் கொத்தும், அதற்காகவும்தான் பிரிக்கச் சொல்கிறேன். பிறகு பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எல்லா மருத்துவமனையும் கோழியைப் பார்ப்பதில்லை, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கோழி இறந்துவிட்டால் பிணப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உடலைப் பையில் இட்டுக் குளிர்ச்சியாக வையுங்கள், உறையவிடாதீர்கள். உறைந்த திசுவில் நோய்த்தடயம் சிதைந்துவிடும். சமையலறை ஃபிரிட்ஜில் வைத்து வீட்டில் சண்டை வாங்க வேண்டாம், ஓர் ஐஸ்பெட்டி போதும்.

இந்த வெடைகளைத் தடுப்பூசி விவரம் கேட்காமல் வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அடுத்த முறை கேளுங்கள். புதிய கோழி எங்கிருந்து வந்தாலும் முப்பது நாள் தனியே வைத்த பிறகே கூட்டில் சேர்க்க வேண்டும்.

கேள்வி (தெம்பனிஸ்): என் கோழியின் எச்சத்தில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. வெள்ளைக்கழிச்சலா?

எச்சத்தின் தலையில் வெள்ளைத் தொப்பி இருந்தால் அது சிறுநீர் உப்பு. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை, இரண்டும் சேர்ந்தே வரும். அவ்வப்போது பழுப்பாக, பசையாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்துடன் ஒன்று விழும். அது குடல்வாலிலிருந்து வருவது, அதுவும் இயல்பு. பச்சையும் வெள்ளையும் கலந்த தண்ணீராகக் கழிந்து, கூடவே கோழி உறங்கிவழிந்தால், மூச்சு இழுத்தால், கழுத்து திருகினால் பயப்படுங்கள்.

கேள்வி: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பின்கட்டில் இரண்டு கோழி வளர்க்கலாமா?

அனுமதி இல்லை. தரைவீட்டிலும் பத்துக்கு மேல் கூடாது, காட்டுப்பறவை நுழையாத கூண்டு வேண்டும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஊரில் அம்மா வெள்ளைக்கழிச்சலுக்குச் சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைத்து உருண்டையாகக் கொடுப்பார். இங்கும் கொடுக்கலாமா?

சிறிதளவு கொடுக்கலாம். என் பாட்டியும் கொடுத்தார். ஆனால் இது வைரஸ் நோய். ஊரில் இதை ராணிக்கெட் என்பார்கள், நூல்களில் நியூகாசில். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து ஆங்கில மருத்துவத்திலும் இல்லை, நாட்டு மருத்துவத்திலும் இல்லை. உருண்டை தின்று ஒரு கோழி தேறினால் அது தன் உடம்பின் வலுவால் தேறியது. அந்தக் கோழி தேறிய பிறகும் சில காலம் வைரஸை வெளியேற்றும், அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் உருண்டை அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பறவைக் காய்ச்சலும் இதே தோற்றத்தில் வரும். தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடை மருத்துவச் சேவைக்குத் தெரிவிக்க வேண்டும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ராணிக்கெட்டும் மனிதருக்குக் கண் சிவப்பை உண்டாக்கும்.

கேள்வி (சிராங்கூன் கார்டன்ஸ்): அம்மா, எனக்கு எழுபத்தெட்டு வயது. கம்பத்தில் (கிராமத்தில்) கோழிகளோடு வளர்ந்தவன். என் மகள் முட்டை அடைத்த ஒரு கோழிக்கு மருத்துவமனையில் கொட்டிக் கொடுத்த காசில் தேக்கா சந்தையில் பத்துக் கோழி வாங்கலாம். நோய் வந்தால் கழுத்தைத் திருகிக் குழம்பு வைப்பதுதானே முறை? நீங்கள் நியாயம் சொல்லுங்கள்.

ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நோயாளிக் கோழியைத் தின்னலாமா என்பது முதலாவது. கூடாது. என்ன நோய் என்று தெரியாது, உடம்பில் என்ன மருந்து ஏறியிருக்கிறது என்றும் தெரியாது. கம்பத்தில் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை என்பீர்கள். கம்பத்தில் சிகரெட்டும்தான் பிடித்தோம்.

செலவு செய்யலாமா என்பது இரண்டாவது. அது உங்கள் மகளின் காசு. முட்டை அடைப்பு என்றால் கோழி பெங்குவின்போல நிமிர்ந்து நின்று முக்கும். வெதுவெதுப்பான நீரில் வயிற்றை நனைத்து, இருட்டில் அமைதியாக வைத்தால் சில சமயம் முட்டை வந்துவிடும். ஒரு நாளுக்குள் வராவிட்டால் உயிருக்கு ஆபத்து. மகள் மருத்துவரிடம் போனது சரி.

*(ஹவ்காங்கிலிருந்து குறுக்கே ஒருவர்: பெரியவர் சொல்வதில் என்ன தப்பு? 2017இல் சின் மிங்கில் 24 கோழிகளை அரசாங்கமே கொன்றதே, அப்போது யார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்?)*

அவை நோயாளிக் கோழிகள் அல்ல. கூவுகின்றன என்று குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்தார்கள். அதற்காகக் கொன்றதை நாட்டில் பாதிப் பேர் திட்டினார்கள். உங்கள் வாதத்துக்கு அதைத் துணைக்கு இழுக்காதீர்கள்.

*(பாசிர் ரிஸ்: அவை காட்டுக்கோழிகள், நாட்டுக்கோழிகள் அல்ல. அதுதான் குற்றமே.)*

வந்துவிட்டீர்களா! சிவப்புக் காட்டுக்கோழிக்குச் சாம்பல் நிறக் கால், காதோரம் வெள்ளைத் திட்டு, வாலின் அடியில் வெள்ளை இறகுக் கொத்து. புலாவ் ஊபின் தீவில் பார்க்கலாம். நகரத்துக்குள் திரிபவற்றில் நாட்டுக்கோழியின் ரத்தம் கலந்தவையும் உண்டு, தெருவில் நின்று பார்த்தெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதுவானாலும் அவற்றை உங்கள் கூண்டருகே அண்டவிடாதீர்கள், தீனி வைத்து அழைக்காதீர்கள்.

*(ஹவ்காங்: அப்படியென்றால் கழுத்தைத் திருகுவது பாவம் என்கிறீர்களா?)*

பாவம் என்று எங்கே சொன்னேன்? பழகிய கை ஒரு நொடியில் முடித்துவிடும். பழகாத கை திருகினால் கோழி பாதி உயிரோடு துடிக்கும், திருகியவர் அந்த ஓசையை மறக்க மாட்டார். பண்ணையில் முறையாகக் கற்றுக்கொடுத்த பிறகுதான் எங்களைச் செய்யவிட்டார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் மருத்துவரிடம் கொடுங்கள், மயக்க மருந்தில் வலியின்றிப் போகும். இனித் தேறாது என்று தெரிந்த பிறகும், மனம் வரவில்லை என்று ஒரு வாரம் மூச்சு இழுக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, எனக்குக் கோபம் அவர்கள் மீதுதான். தானாக எழுந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை, ஆதரவு கொடுத்து ஓரிரு நாள் ஆகியும் மாற்றமில்லை என்றால் முடிவெடுங்கள். காட்டுக்கோழி விவாதத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், இதற்கே பாதிப் பொழுது போய்விட்டது.

கேள்வி (பொங்கோல்): எச்சம் வெள்ளையாக...

மேலே தெம்பனிஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (புக்கிட் தீமா): நேற்று மாலைவரை நன்றாகத் தின்ற கோழி காலையில் செத்துக் கிடந்தது. நான் எதைக் கவனிக்கத் தவறினேன்? இரவெல்லாம் இதே யோசனை.

கவனிக்க எதுவுமே தெரிந்திருக்காது. கோழி இரையாகும் பிராணி, நோயைக் காட்டினால் கூட்டமும் கொத்தும், கொன்றுண்ணியும் முதலில் அதைத்தான் தேடும். அதனால் கடைசி வரை நடிக்கும். தின்பதுபோல அலகை ஆட்டும், தொண்டைக்குள் ஒன்றும் போகாது. பண்ணையில் பல்லாயிரம் கோழிகளைப் பார்த்த எங்களையே ஏமாற்றியிருக்கின்றன. தவிர, இதய அதிர்ச்சி, கல்லீரலில் ரத்தக்கசிவு, வயிற்றுக்குள் முட்டை உடைந்து சீழ்பிடித்தல் எல்லாம் ஒரே இரவில் கொண்டுபோய்விடும். நிறைய முட்டையிடும் இனங்களில் கடைசியாகச் சொன்னது அதிகம்.

மிச்சமிருப்பவற்றுக்காக ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தீனி போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் கழுத்தடியிலுள்ள தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். இரவு நிறைந்திருந்தது காலையில் காலியாக இருக்க வேண்டும். கல்லாகவோ புளித்த நாற்றத்துடன் தளதளவென்றோ இருந்தால் கோளாறு. தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள், நீர் மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துப்போகும். மார்பெலும்பைத் தடவுங்கள், கத்திபோல் துருத்தினால் பல நாட்களாக இளைத்திருக்கிறது. இறகு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

கேள்வி (செம்பவாங்): திருச்சியிலிருந்து வரும் தம்பியிடம் லசோட்டா (ராணிக்கெட் தடுப்பு) சொட்டு மருந்து வாங்கி வரச் சொல்லலாமா?

கூடாது. உயிருள்ள வைரஸ் மருந்தை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது சட்ட விரோதம். 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டியது தம்பியின் பெட்டியில் வெந்துபோய் வந்து சேரும். பறவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஈசூன், முதலில் கேட்டவர்): அக்கா, மாலையில் மருத்துவர் பார்த்தார், தூங்க வைத்துவிட்டோம். எட்டு வயது மகளிடம் என்ன சொல்வது? உடலை என்ன செய்வது?

வருந்துகிறேன். சரியான நேரத்தில் செய்திருக்கிறீர்கள்.

மகளிடம் "தூங்குகிறது" என்று சொல்லாதீர்கள், எப்போது எழும் என்று கேட்பாள். நோய் வந்தது, மருந்து இல்லை, வலி கூடாமல் மருத்துவர் முடித்துவைத்தார் என்றே சொல்லுங்கள். தன்னால்தானா என்று நிச்சயம் கேட்பாள். வைரஸால் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், ஆனால் தொட வேண்டாம். வீட்டில் யாராவது "ஒரு கோழிக்குப் போய் அழுவார்களா" என்று கேட்டால் அவரை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

உடலை இரண்டு பைகளில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம், இங்கே குப்பை எரிக்கப்படுகிறது. மனம் ஒப்பவில்லையென்றால் செல்லப்பிராணி தகனச் சேவைகள் இருக்கின்றன. பிணப் பரிசோதனையை மருத்துவரிடம் விட்டிருந்தால் அவரே அகற்றுவார். தோட்டத்தில் ஆழமில்லாமல் புதைக்காதீர்கள், உடும்பும் நாயும் தோண்டும். கூண்டுக் கூளம் முழுவதையும் அள்ளுங்கள். தூசி பறக்காதபடி முதலில் ஈரமாக்குங்கள்.

கேள்வி (பாய லேபார்): வெயிலில் என் கோழி வாயைப் பிளந்து இறக்கையை விரித்து நிற்கிறது. சாகப்போகிறதா?

கோழிக்கு வியர்க்காது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரிக்கு மேல். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி ஏறியது, அப்படிப்பட்ட நாளில் நிழல் மட்டும் போதாது. நிழலுக்குக் கொண்டு போய்க் காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். மின்விசிறி வையுங்கள். நிழலில் இருந்தும் வாயைப் பிளந்தால், சளி ஒழுகினால், அது வெயில் அல்ல.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): மலைப்பாம்பு இரண்டைத் தின்றுவிட்டது, ஒன்றுதான் மிச்சம். அது கூவிக்கூவித் தேடுகிறது. நாளைக்கே துணைக்கு ஒன்று வாங்கி விடட்டுமா?

தேடுவது உண்மைதான், கோழி தனியாக வாழும் பிராணி இல்லை. துணை தேவை. ஆனால் நாளைக்கு வாங்கி நாளைக்கே விடாதீர்கள். முப்பது நாள். இடையில் கம்பி வைத்து, கண்ணுக்குத் தெரியும்படி தூரமாக வையுங்கள், ஒன்றையொன்று பார்ப்பதே பாதி ஆறுதல். தனிப் பாத்திரம், தனிச் செருப்பு. அறுகோணக் கோழிவலையை நம்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது கோழியை உள்ளே வைக்கும், பாம்பை வெளியே வைக்காது. சிறு கண்ணுள்ள பற்றவைத்த கம்பி போடுங்கள், கதவிடுக்கையும் பாருங்கள்.

கேள்வி (ஜூரோங்): புதிதாக வந்தவன். என் கோழியின் எச்சத்தில் வெள்ளை...

தெம்பனிஸ். மேலே. நன்றி.