மாந்தோப்பை அடமானம் வைப்பதற்கு முன்: ஒரு கிருஷ்ணகிரிக் குடும்பத்துக்கு எழுதிய பதில்

வணக்கம் ஐயா. நீங்களும் அம்மாவும் மகளை அழைத்துக்கொண்டு வந்து கேட்ட கேள்விக்கு விரிவாக எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இதே தவிப்போடு வரும் பெற்றோர் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் இருப்பதால், உங்கள் பெயரையும் ஊரையும் விடுத்து, மற்றவர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை நடுத்தர மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். பெங்களூருவில் இருக்கும் அவளுடைய தாய்மாமன், அங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் பொறியியலுக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். முன்பணம் கட்ட நாளும் குறித்தாகிவிட்டது. அந்தப் பணத்துக்காக மாந்தோப்பில் பாதியை அடமானம் வைப்பதா, வங்கியில் கல்விக் கடன் வாங்குவதா என்பதுதான் நீங்கள் என்னிடம் கேட்டது. கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்புவது எனக்கு எளிது. ஆனால் இரண்டையுமே செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில், அதை ஆறுதல் வார்த்தைகளில் மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை 13,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை, விடுதிச் செலவும் சேரவில்லை. உங்கள் வருமானமோ ஆண்டுக்கு ஒரு பருவத்தில் வருவது, அதுவும் மாங்கூழ் ஆலைகள் சொல்லும் விலையை நம்பியிருப்பது. 2025இல் பெங்களூரா ரக மாங்காயின் விலை எப்படிச் சரிந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி இன்னொரு பருவம் வந்தால் தவணையைத் தாய்மாமன் கட்டமாட்டார், நீங்கள்தான் கட்ட வேண்டும். கடனின் பாரம் யார் தலையில் விழுமோ அவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டாவது, மகளின் மனம். உங்கள் அனுமதியோடு அவளிடம் தனியாகப் பேசினேன். நிரல் எழுதும் வகுப்பு அவளுக்குப் பாரமாகத் தெரிகிறது, இயற்பியலில் ஒளியியல் பாடம் மட்டும் தானாகவே மனத்தில் நிற்கிறது என்றாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் கைபேசியிலிருந்த படங்களைக் காட்டினாள். அவற்றில் ஒன்று காம்பு கிள்ளிய பெங்களூரா மாங்காய். காம்படியில் ஊறி நிற்கும் பால் துளி, தோலின் புள்ளிகள், துளிக்குள் தலைகீழாகத் தெரியும் சன்னல் ஆகிய மூன்றையும் அவள் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தாள். படத்தின் கீழ்ப்பாதி கைபேசியின் நிழலில் கறுத்திருந்தது. தொழில்முறையாகப் பார்த்தால் அது தோற்ற படம்தான். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது இவளுக்குத் தெரிகிறது, பார்த்ததைப் பிடிக்கும் கருவிதான் கையில் இல்லை. சாப்பாட்டை ஆறவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா வருத்தப்பட்டுச் சொன்ன அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் மேற்கொண்டு எழுதப்போகிறேன். பொறியியல், செவிலியர், ஆசிரியர் பயிற்சி பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரில் பலர் இருக்கிறார்கள்.

உணவுப் பொருள்களைப் படமெடுப்பது ஒரு தனித் தொழில். அதற்குள் மேக்ரோ லென்ஸ் கொண்டு மிகக் கிட்டத்தில் எடுப்பது, நம் மாவட்டங்களில் அநேகமாக எவரும் பழகாத ஒரு பிரிவு. ஒரு பொருள் உண்மையில் எத்தனை பெரியதோ அதே அளவில் அதன் பிம்பத்தை, கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் விழவைக்கும் லென்ஸைத்தான் மேக்ரோ லென்ஸ் என்கிறோம். இதை 1:1 என்று குறிப்பார்கள். நிக்கான் நிறுவனம் மட்டும் அதே வகைக்கு மைக்ரோ என்று பெயரிட்டிருக்கிறது. கேழ்வரகு மணி ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், ஏ.பி.எஸ்-சி என்னும் நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவில் அந்தச் சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். ஆகவே 1:1 அளவில் எடுத்தால், ஒற்றைக் கேழ்வரகு மணி படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, மேல்தோலின் சொரசொரப்போடு தெரியும். சாமையின் பளபளப்பு, புளியின் நார், தோசையின் துளைகள், முறுக்கின் முள், தேனுக்குள் சிக்கிய காற்றுக்குமிழி எல்லாமே இந்த அளவில் வேறு பொருள்களாகிவிடுகின்றன.

கைபேசியிலும் மேக்ரோ இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது பொருளுக்கு மூன்று நான்கு செ.மீ. அருகில் போனால்தான் வேலை செய்யும், அப்படிப் போகும்போது கைபேசியே வெளிச்சத்தை மறைக்கும். மகளின் மாங்காய்ப் படத்தில் விழுந்த நிழல் அதனால் வந்ததுதான். குவியத் தூரம் 60 மி.மீ. உள்ள மேக்ரோ லென்ஸில் 1:1 அளவுக்குப் போனாலும் கண்ணாடிக்கும் பொருளுக்கும் இடையே ஏறக்குறைய 9 செ.மீ. இருக்கும், 100 மி.மீ. லென்ஸில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சூடான களியை எடுக்கும்போது அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஆவி கண்ணாடியில் படிந்து படம் கெடும். அதே சமயம், வீட்டின் சிறிய அறையில் மேசை மேல் ஒரு முழுத் தட்டை எடுக்க வேண்டுமென்றால், ஏ.பி.எஸ்-சி கேமராவில் 100 மி.மீ. லென்ஸோடு சுவர் வரை பின்வாங்க நேரும். ஆகவே முதல் லென்ஸ் 60 மி.மீ. அளவில் இருக்கட்டும் என்பது என் கருத்து. மேக்ரோ லென்ஸ் கிட்டத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொலைவிலும் ஃபோகஸ் ஆகும், முழுத் தட்டையும் ஆளையும் எடுக்கும். உண்மையில் பெரும்பாலான உணவுப் படங்களுக்கு 1:1 தேவைப்படாது. 1:4, 1:2, அதாவது பொருளின் கால் அளவோ அரை அளவோ போதும்.

இந்த வேலையின் கடினம் வேறிடத்தில் இருக்கிறது. 1:1 அளவில், லென்ஸின் ஒளித்துவாரத்தை எஃப் 8 என்னும் அளவில் வைத்து எடுத்தால், படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஒரு சாமைக் குவியலில் முன்வரிசை மணிகள் தெளிவாக இருந்தால் பின்வரிசை கரைந்துவிடும். எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்; அதை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் மழுங்கிவிடும். இதற்கு வழி, கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஃபோகஸை மிகச் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது படங்கள் போல எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருளில் ஒன்றுசேர்ப்பது. ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று இதைச் சொல்வார்கள். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் என்று இதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன, ஃபோட்டோஷாப்பிலும் செய்யலாம். அந்த இருபது படங்களுக்கிடையே சன்னலுக்கு வெளியே ஒரு மேகம் கடந்தாலும் வெளிச்சம் மாறி வேலை பாழாகும். நறுக்கிய மாம்பழம் அதற்குள் பளபளப்பை இழக்கும், களியின் மேல்பரப்பு காய்ந்து தோல் கட்டும். மேலும் 1:1 அளவில் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், கையில் பிடித்து எடுப்பது அநேகமாக முடியாது. பொறுமையும் கணக்கும் ஒருசேரக் கேட்கும் வேலை இது. ஒளியியல் பாடத்தை விரும்பிப் படித்த பெண்ணுக்கு இது பொருந்தும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒளிக்குப் பெரிய செலவு வேண்டாம். பின்பக்கத்திலிருந்து சாய்வாக விழும் சன்னல் வெளிச்சம், முன்பக்க நிழலைத் தணிக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, ஆவியை எடுத்துக்காட்ட ஒரு கறுப்புச் சார்ட் தாள் ஆகியவற்றை வைத்தே ஓராண்டு பழகலாம். அறையின் டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிட வேண்டும். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் மாம்பழத்தின் மஞ்சள் பச்சையாகத் திரும்பிவிடும்.

செலவுக்கு நான் ஒரு வரம்பு போடுகிறேன், அதை நீங்கள் தாண்டக்கூடாது. கேமரா, லென்ஸ், டிரைபாட் எல்லாமே பயன்படுத்தியவையாக, எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். அதையும் முதல் ஆறு மாதத்துக்குச் செலவிட வேண்டாம். சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் வெற்று வளையத்தைப் பொருத்தினால், 25 மி.மீ. வளையத்திலேயே பாதி அளவு உருப்பெருக்கம் கிடைக்கும். கேமராவைத் தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் வார இறுதிக்கு வாடகைக்குக் கேளுங்கள். பழைய மேக்ரோ லென்ஸில் தானியங்கி ஃபோகஸ் இல்லாவிட்டாலும் குறையில்லை, இந்த வேலையில் ஃபோகஸைக் கையால்தான் வைக்கிறோம். வாங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்து உள்கண்ணாடியில் பூஞ்சை இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேக்ரோ என்று எழுதிய ஜூம் லென்ஸ்கள் பல 1:4 அளவோடு நின்றுவிடும், ஆகவே எழுத்தை நம்பாமல் விகிதத்தைக் கேளுங்கள்.

படிப்பு என்ன ஆவது என்றால், அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் சேரட்டும். கட்டணம் மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். பட்டம் கையில் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி., பி.எட். வழிகள் மூடாமல் இருக்கும்; படமெடுப்பது கைகூடாமல் போனாலும் அவள் நடுத்தெருவில் நிற்கமாட்டாள். விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் படிப்பை நான் இப்போது சொல்லவில்லை. அதற்காக வெளியூர் விடுதியில் செலவழிக்கும் பணத்தில் இங்கே மூன்றாண்டு பழகலாம்.

யார் பணம் தருவார்கள் என்பது நியாயமான கேள்வி. நம்மைச் சுற்றியே மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன, சிறுதானிய மாவும் ஊறுகாயும் போடும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இருக்கின்றன, தேசிய நெடுஞ்சாலையோரம் உணவகங்கள் இருக்கின்றன. 2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு பாக்கெட்டுகள் பெருகின. ஆனால் அவற்றில் பல இணையத்திலிருந்து எடுத்த எங்கோ விளைந்த தானியத்தின் படத்தோடு விற்கின்றன. நம் சாமையை நம் சாமையாகவே காட்டும் படம் அவர்களுக்குத் தேவை. செயற்கை நுண்ணறிவு படம் வரைந்து தருகிறதே என்று தாய்மாமன் சொன்னதாகக் குறிப்பிட்டீர்கள். அது எதோ ஒரு மாம்பழத்தை வரையும், இந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பதை அது பார்த்ததில்லை. வாங்குபவரை ஏமாற்றும் விதத்தில் உணவு லேபிள் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. அமெரிக்காவில் சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே தெரியவைத்த கேம்ப்பெல் நிறுவனத்தின் விளம்பரம், 1970இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் உத்தரவில் போய் முடிந்தது. உங்கள் மகளும் பளபளப்புக்குக் கிளிசரின் தடவும் முன் இதை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவள் முதல் வேலைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே படங்களைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ளும் உரிமையையாவது தாளில் எழுதி வாங்காமல் எந்த வேலையையும் தொடக்கூடாது.

முதல் இரண்டு ஆண்டுகளில் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். மாதச் சம்பளம் போல ஒரே சீராகவும் வராது. மாம்பழப் பருவத்திலும் தீபாவளிக்கு முன்பும் வேலை குவிந்து, இடையில் வெறுமையாக இருக்கும். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் இந்த வழி தோற்றால் போவது அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். அந்த வழி தோற்றால் போவது தோப்பு.

முன்பணத்துக்குக் குறித்த நாளுக்கு முன்பாகவே தாய்மாமனிடம் நீங்களே நேரில் பேசிவிடுங்கள், மகளைப் பேசவிடாதீர்கள். அக்கறையால்தான் அவர் இதைச் செய்கிறார், ஆகவே மரியாதையாகவே சொல்லுங்கள். அவர் மனத்தாங்கல் கொண்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், மேலே உள்ள கணக்கை அவர் முன்னாலும் போட்டுக் காட்டுகிறேன். அரசுக் கல்லூரிக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே இணையத்தில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது, ஒரே சாமைக் குவியலைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வெளிச்சங்களில் மகள் எடுத்த படங்களை எதுவும் திருத்தாமல் அப்படியே கொண்டுவரட்டும். அவற்றைப் பார்த்த பிறகுதான் லென்ஸ் வாங்கும் பேச்சு.