போர்வெல் போட்ட அன்று எழுதிய நோட்டு

அம்மா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க வந்து, சனிக்கிழமை கண்கலங்கிப் போய்விட்டீர்கள். "தைரியமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கச் சொல்கிறாரே உங்கள் அண்ணன், அதை மட்டும் செய்யாதீர்கள். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

உங்கள் மகள் ஒரு நோட்டு காட்டினாள். வீட்டில் போர்வெல் போட்டபோது எத்தனை அடி வரை செம்மண், எங்கே சுக்கான்பாறை, எங்கே கரும்பாறை என்று வண்டிப் பக்கத்திலேயே நின்று எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. கட்டடம் எழும்பும் முன் மண் பரிசோதனைக்காரர்கள் எழுதுவதும் இதையேதான்.

அடியில் என்ன மண் என்பது ஏன் முக்கியம்? 1985 செப்டம்பர் 19, மெக்சிகோ நகரம். நிலநடுக்கம் தொடங்கிய இடம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையோரம். ஆனாலும் பழைய ஏரிப்படுகைக் களிமண்மேல் நின்ற கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. அதே ஊரின் தெற்கே, எரிமலைக் குழம்பு இறுகிய பாறைமேல் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. ஏரிப்படுகையில் பதிவான குலுக்கல், வளாகத்தில் பதிவானதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்!

ஒரு வளாகத்தின் மண் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே பார்க்கலாம். சிறிய அதிர்வுமானி ஒன்றை ரசமட்டம் பார்த்து, வடக்கு நோக்கித் தரையில் வைப்பார்கள். அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் நடக்கக்கூடாது. நமக்குத் தெரியாமல் தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டு அதிர்வை மேல்-கீழ் அதிர்வால் வகுத்தால், அந்த மண் எந்த வேகத்தில் ஆட விரும்புகிறது என்று தெரியும். ஜப்பானியரான நகாமுரா 1989-இல் பரவலாக்கிய முறை இது. பத்து மாடிக் கட்டடம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை ஆடும். மண்ணும் அதே கணக்கில் ஆடினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். விடுதியை எங்கே கட்டலாம், எத்தனை மாடி என்பதெல்லாம் அப்புறம்தான்.

வழி இதுதான். சென்னை மாநிலக் கல்லூரியிலோ சேலம் அரசுக் கலைக் கல்லூரியிலோ பி.எஸ்சி. புவியியல் (ஜியாக்ரபி) அல்ல, மண்ணையும் பாறையையும் படிக்கும் நிலவியல் (ஜியாலஜி). விண்ணப்பத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு அடகுக்கடை தேவையில்லை. பிறகு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., அதன்பின் மத்திய அரசு வேலைக்காக யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு. பட்டத்தோடு நின்றால் வேலை கடினம், ஐந்து வருடம் படிக்கத்தான் வேண்டும். அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "படிக்கிறேன் சார்" என்றாள், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த முறை அண்ணனையும் அழைத்து வாருங்கள். நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். 140 அடிக்குக் கீழே என்ன வந்தது என்று அவள் எழுதவில்லை, கேட்க வேண்டும்.