அழற்சியும் வளர்ச்சி ஹார்மோனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் வந்தாலே என் ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. இதனால் அவன் உயரம் குறைந்துபோகுமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: சில நாள்களில் தணிந்துவிடும் காய்ச்சலால் உயரம் குறையாது. இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளர்வது இயல்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள்; ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் பிட்யூட்டரியை எவ்வாறு எட்டுகின்றன? அவை வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டுமா, குறைக்குமா? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: சைட்டோகைன்கள் என்பவை அழற்சியின்போது செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்கள். மூளையின் அடியில் இருந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரியின் முன்பகுதி, இரத்தத்தில் உள்ள பல பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே அமைந்திருப்பதால், இரத்தத்தில் வரும் சைட்டோகைன்கள் அதை நேரடியாக எட்ட முடியும். அன்றியும், அச்சுரப்பிக்குள்ளேயே இருக்கும், ஹார்மோன் சுரக்காத ஃபோலிகுலோ-ஸ்டெல்லேட் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைனைத் தயாரித்து, பக்கத்துச் செல்களுக்குத் தருகின்றன.

கூட்டுமா, குறைக்குமா என்பதற்கு ஒரே விடை இல்லை. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஜி.எச்.ஆர்.எச். என்னும் தூண்டு ஹார்மோன், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்தி, மரபணுவை இயக்கும் பிட்-1 என்னும் புரதத்தின் துணையோடு வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைத் தூண்டுகிறது. ஹைப்போதலாமஸின் இன்னொரு ஹார்மோனான சொமாட்டோஸ்டாட்டினோ வளர்ச்சி ஹார்மோன் சுரப்பை அடக்குகிறது. வளர்ப்புத் தட்டில் வைத்த எலிப் பிட்யூட்டரிச் செல்களில் இன்டர்லூக்கின்-6 வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைக் கூட்டியது. இன்டர்ஃபெரான்-காமா என்னும் மற்றொரு சைட்டோகைனோ, ஃபோலிகுலோ-ஸ்டெல்லேட் செல்களின் வழியாக, ஜி.எச்.ஆர்.எச். தரும் தூண்டுதலை மட்டுப்படுத்தியது. பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருளைச் செலுத்தினால் எலியில் வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, மனிதரிலும் செம்மறியாட்டிலும் உயர்கிறது. எனவே தேர்வில் எழுதும்போது எந்த உயிரியில் கண்ட முடிவு என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கேள்வி: என் பேத்திக்குச் சில ஆண்டுகளாக மூட்டழற்சி. வளர்ச்சி ஹார்மோன் சரியாக இருப்பதாகச் சோதனை சொல்கிறது. பிள்ளை வளரவில்லையே, டாக்டர்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஐயா. இந்த ஹார்மோன் அலை அலையாக, பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் சுரப்பதால், பகலில் ஒருமுறை எடுத்த இரத்தத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. அதைவிட முக்கியமானது, நாள்பட்ட அழற்சியில் பழுது பெரும்பாலும் பிட்யூட்டரியில் இருப்பதில்லை என்பதே. மேட்டூரில் நீர் திறந்தும் கடைமடை வயல் காய்வதைப் போல, ஹார்மோன் சுரந்தும் அதன் பயன் எலும்புக்குப் போய்ச் சேர்வதில்லை. இன்டர்லூக்கின்-6 முதலியவை கல்லீரலில், செல்லுக்குள் செல்லும் செய்தியை அடக்கும் எஸ்.ஓ.சி.எஸ். வகைப் புரதங்களை மிகுவித்து, வளர்ச்சி ஹார்மோனின் கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக்2-ஸ்டாட்5 பாதையைத் தடுத்துவிடுவதால், எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான ஐ.ஜி.எஃப்-1 என்னும் ஹார்மோன் குறைகிறது. இன்டர்லூக்கின்-6 மிகுதியாகச் சுரக்குமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளிலும் வளர்ச்சி ஹார்மோன் இயல்பாகவே இருக்க, ஐ.ஜி.எஃப்-1 குறைந்து உடல் சிறுத்திருந்தது. இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். ஆகிய சைட்டோகைன்கள், எலும்பு நீளும் இடமான வளர்தட்டையே நேரடியாகத் தாக்குவதும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே முதல் மருந்து அழற்சியை அடக்குவதுதான். உடல் முழுதும் பரவும் வகை மூட்டழற்சியுள்ள பிள்ளைகளுக்கு, இன்டர்லூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தபின் உயரம் மீண்டு வந்திருக்கிறது. உங்கள் பேத்திக்கு அது பொருந்துமா என்பதை அவரைப் பார்க்கும் மூட்டுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: உயரம் கூட்டும் பவுடர் தரலாமா? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு முட்டை, மீன், பருப்பு வாங்கிக் கொடுங்கள்.