பொண்ணு அமெரிக்கா போய் நாடகம் எழுதப் படிக்கணும்ங்கறா, அனுப்பலாமா?

சார், நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவ கேட்டேன், உங்க பயம் புரியுது. பிஏ இங்கிலீஷ் மூணாவது வருஷம், நல்ல மார்க், எம்பிஏவோ பிஎட்டோ பண்ணுவான்னு நினைச்சிட்டு இருந்தீங்க, அவ திடீர்னு எம்எஃப்ஏ ப்ளேரைட்டிங்னு, அதாவது நாடகம் எழுதறதுல முதுகலைன்னு ஒண்ணு சொல்றா, கேட்டா கறுப்பின பெண்கள் எழுதின நாடகம், அடையாளம், இனம் அப்படின்னு பேசறா, இதெல்லாம் சோறு போடுமான்னு கேட்டீங்க. நேரா சொல்லிடறேன். படிப்பு நிஜமான படிப்புதான், அவ சும்மா உளறல. ஆனா அதுக்காக பின்னலாடை யூனிட்டை அடமானம் வெச்சு அனுப்பற வேலை மட்டும் வேண்டாம்.

முதல்ல அவ எதை பத்தி பேசறான்னு உங்களுக்கு தெரியணும், தெரியாம வேண்டாம்னு சொன்னா வீட்ல சண்டைதான் மிச்சம். அமெரிக்காவுல பிராட்வே, அதாவது நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள் வரைக்கும் போன முதல் கறுப்பின பெண் நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, 1959ல. அதுக்கப்புறம் அங்க பெரிய கௌரவமான நாடகத்துக்கான புலிட்சர் பரிசு ஒரு கறுப்பின பெண்ணுக்கு கிடைக்க 2002 ஆயிடுச்சு, சூசன்-லோரி பார்க்ஸ். லின் நாட்டேஜ் 2009லயும் 2017லயும் ரெண்டு தடவ வாங்கினாங்க, அதே பரிசை ரெண்டு தடவ வாங்கின ஒரே பெண் அவங்கதான். 2019ல ஜாக்கி சிப்ளீஸ் ட்ரூரி, 2023ல ஈரானிய குடும்பத்துல பிறந்த சனாஸ் டூசி. பரிசு லிஸ்ட்டை மட்டும் பார்த்தா ஓஹோன்னு இருக்கும், ஆனா 2011ல இருந்து 2014 வரைக்கும் அமெரிக்க தியேட்டர்கள்ல போட்ட நாடகங்களை நாடகாசிரியர்கள் சங்கமே எண்ணிப் பார்த்தப்ப பெண்கள் எழுதினது சுமார் 22 சதவீதம்தான் இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கு, இருந்தாலும் போட்டி கடுமைங்கறதை மனசுல வெச்சுக்கோங்க.

நாட்டேஜோட "ஸ்வெட்" நாடகத்தை நீங்களே படிங்க சார், உங்களுக்கு அவளை விட நல்லா புரியும். பென்சில்வேனியாவுல ரெடிங்னு ஒரு தொழிற்சாலை ஊர், வேலை முடிஞ்சு எல்லாரும் வந்து உக்கார்ற ஒரு பார், ரொம்ப வருஷமா ஒரே மெஷின் ஓட்டற ரெண்டு தோழிகள், ஒருத்தி கறுப்பு ஒருத்தி வெள்ளை. மேனேஜ்மென்ட் போஸ்ட் ஒண்ணு வருது, கறுப்பு பொண்ணுக்கு கிடைக்குது, அதுவரைக்கும் யாரும் நிறம் பத்தி பேசல, அன்னைக்கு ஆரம்பிக்குது. அப்புறம் மெஷினை மெக்சிகோவுக்கு தூக்கிட்டு போறாங்க, கம்பெனி கதவை சாத்துது, பார்ல காலி டம்ளர் எடுக்கற கொலம்பிய வம்சாவளி பையன் கம்மி கூலிக்கு உள்ள வேலைக்கு போறான், கோபம் பூரா அவன் மேல திரும்புது. இதை எழுதறதுக்கு முன்னாடி நாட்டேஜ் அந்த ஊருக்கு திரும்பத் திரும்ப போய் வேலை இழந்தவங்க கூட உக்காந்து பேசியிருக்காங்க. அதுக்கும் முன்னாடி யேல் யுனிவர்சிட்டியில படிச்சு முடிச்சிட்டு நேரா நாடகத்துக்கு வரல, ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல்ங்கற மனித உரிமை அமைப்புல பிரஸ் ஆபீசரா நாலு வருஷம் வேலை பார்த்தாங்க. இதை உங்க பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க, வேலைக்கு போறது கலைக்கு துரோகம்னு இந்த வயசுல ஒரு நினைப்பு இருக்கும்.

டூசியோட "இங்கிலிஷ்" இன்னும் கிட்ட வரும். ஈரான்ல கராஜ்ங்கற ஊர், 2008, வெளிநாடு போக எழுதற டோஃபல் இங்கிலீஷ் பரீட்சைக்கு கோச்சிங் கிளாஸ், அவ்வளவுதான் செட். ஒரு டீச்சர், நாலு ஸ்டூடண்ட்ஸ். கனடாவுல இருக்கற மகன்கிட்ட போகணும்னு பாட்டி ஒருத்தங்க, பேத்தியோட பேசவாவது இங்கிலீஷ் வேணும் அவங்களுக்கு. டாக்டருக்கு படிக்க ஆஸ்திரேலியா போகணும்னு ஒரு பொண்ணு, அவளுக்கு இங்கிலீஷ்னாலே எரிச்சல். மேடையில ஒரு தந்திரம் பண்ணியிருக்காங்க பாருங்க: இவங்க பாரசீகம் பேசற இடத்துல நடிகர்கள் சரளமா அமெரிக்க இங்கிலீஷ் பேசுவாங்க, இங்கிலீஷ் பேசற இடத்துல தட்டுத்தடுமாறி அக்சென்டோட பேசுவாங்க. சொந்த பாஷையில வெடுக்குனு ஜோக் அடிக்கிற ஆள் அடுத்த நிமிஷமே கிளாஸ்ல சின்னப் புள்ள மாதிரி ஆயிடுவாங்க. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு காலேஜ்ல போய் உக்காந்த யாருக்கும் இது விளக்கவே வேண்டாம். டூசி இதை நியூயார்க் யுனிவர்சிட்டியில எம்எஃப்ஏ படிக்கிறப்ப எழுதினாங்க, 2025ல பிராட்வே வரைக்கும் போச்சு.

எதுக்கு இவ்வளவு கதை சொல்றேன்னா, உங்க பொண்ணு எனக்கு அனுப்பின ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்ல, அதாவது ஏன் படிக்கணும்னு அட்மிஷனுக்கு எழுதற கட்டுரையில, "அடையாளம்"ங்கற வார்த்தை பாராவுக்கு பாரா வருது, ஆனா ஒரு ஆள் வரல, ஒரு இடம் வரல. மேல சொன்ன ரெண்டு நாடகத்துலயும் யாரும் மேடையேறி நான் யாருன்னு கேக்கல, ஒருத்திக்கு ப்ரொமோஷன் வருது, ஒருத்திக்கு பரீட்சை வருது, அதுல இருந்து எல்லாம் கிளம்புது. ப்ளேரைட்டிங் அட்மிஷன்ல மார்க்கை விட பெருசா பார்க்கறது முழுசா எழுதி முடிச்ச நாடகத்தைத்தான். அவ கையில இப்ப இருக்கறது காலேஜ் கல்ச்சுரல்ஸ்க்கு எழுதின இருபது நிமிஷ ஸ்கிட். அதை வெச்சு இந்த வருஷம் அப்ளை பண்ணா ஃபீஸ் தண்டம்.

சரி, பணத்துக்கு வருவோம். யேல்ல இருக்கற டேவிட் கெஃபன் ஸ்கூல் ஆஃப் டிராமாவுல 2021ல இருந்து ட்யூஷன் ஃபீஸே கிடையாது, டேவிட் கெஃபன்ங்கற தொழிலதிபர் 150 மில்லியன் டாலர் குடுத்தார், அதனால. ஜூலியர்ட் ஸ்கூல்ல நாடகாசிரியர் ப்ரோக்ராமும் ஃபீஸ் இல்லாததுதான். ஆஸ்டின்ல டெக்சஸ் யுனிவர்சிட்டியோட மிஷனர் சென்டர் ஸ்டைபண்டும், அதாவது செலவுக்கு உதவித்தொகையும் குடுத்து படிக்க வைக்குது. ஆனா இங்கெல்லாம் வருஷத்துக்கு எடுக்கறது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான். ஃபண்டிங் இல்லாத இடத்துல சீட் கிடைக்கறது சுலபம், பிரச்சினையே அங்கதான், நியூயார்க் வாடகையும் சேர்த்தா கோடியை தாண்டிடும். ஏஜென்ட் யாராவது லோன் போட்டுக்கலாம், போய் வேலை பார்த்து அடைச்சிடலாம்னு சொன்னா நம்பாதீங்க. இன்ஜினியரிங் படிச்ச பசங்களுக்கு ஓபிடி, அதாவது படிப்பு முடிச்சு அங்கயே வேலை பார்க்கற அனுமதி, 12 மாசம் முடிஞ்சதும் ஸ்டெம்ங்கற அறிவியல்-தொழில்நுட்ப படிப்பு கணக்குல இன்னும் 24 மாசம் கிடைக்கும், ப்ளேரைட்டிங் படிச்சா அந்த 12 மாசத்தோட சரி. அதுக்குள்ள லோன் அடைக்கிற சம்பளம் நாடகத்துல வராது. அங்க நாடகத்தோட காப்பிரைட் எழுதினவங்ககிட்டயே இருக்கும், எங்க போட்டாலும் ராயல்டி வரும், அது பெரிய கௌரவம்தான், ஆனா சின்ன தியேட்டர்ல போட்டா வர்றதும் சின்ன தொகைதான். நல்லா பேரெடுத்தவங்களே டிவி சீரிஸ் எழுதியும் காலேஜ்ல பாடம் எடுத்தும்தான் வீட்டு வாடகை கட்டறாங்க. அதனால ஃபுல் ஃபண்டிங் இருந்தா போகட்டும், இல்லன்னா போகவேண்டாம், இதுல நான் கறாரா இருக்கேன்.

அப்புறம் அமெரிக்கா போனாத்தான் ஆகும்னும் இல்ல. நம்ம சென்னைக்காரங்க அனுபமா சந்திரசேகர் பத்திரிகையில வேலை பார்த்தவங்க, லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரோட பயிற்சியில கத்துக்கிட்டு எழுதினாங்க, 2007ல அங்கயே "ஃப்ரீ அவுட்கோயிங்" மேடையேறிச்சு. சென்னையில ஒரு பத்தாங்கிளாஸ் வயசு பொண்ணோட வீடியோ செல்போன்ல பரவுது, அம்மா கதவை சாத்திட்டு உள்ள உக்காந்திருக்காங்க, அக்கம்பக்கம், ஸ்கூல், மீடியா எல்லாம் வாசல்ல. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் மேடைக்கு வரவே மாட்டா. 2022ல லண்டன் நேஷனல் தியேட்டர்ல கோட்சே பத்தின அவங்க நாடகம் போட்டாங்க. உங்க பொண்ணு காலேஜ்ல பண்ணின ப்ராஜெக்ட்ல இவங்க பேரே இல்ல, அது எனக்கு கொஞ்சம் ஆச்சரியம்தான்.

இப்ப என்ன பண்ணலாம்னா, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு இங்கயே முதுகலை சேரட்டும். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியிலயும் ஹைதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டியிலயும் தியேட்டர் முதுகலை இருக்கு, ஃபீஸ் கம்மி, ராத்திரி பகல் மேடையோடவே இருப்பா. அது உங்களுக்கு பயமா இருந்தா எம்ஏ இங்கிலீஷ் போகட்டும். ரெண்டுலயும் லெக்சரர் ஆகறதுக்கான நெட் பரீட்சை எழுதலாம், அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தா மாசாமாசம் பணம் வரும், லெக்சரர் வழியும் திறந்தே இருக்கும். டெல்லி நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமா பத்தியும் கேட்டீங்க, அங்க நடிப்பு, இயக்கம், மேடை வடிவமைப்புதான் பிரதானம், எழுதறதுக்குன்னே போறவளுக்கு அது முதல் சாய்ஸ் இல்ல.

இந்த ரெண்டு வருஷத்துல ஒரு முழு நீள நாடகம் முடியணும், அதை ஊர்ல ஏதாவது ஒரு குழு சத்தமா படிச்சு அவ கேக்கணும், எங்க ஜனங்க கொட்டாவி விடறாங்கன்னு பார்த்து திருத்தணும். எதைப் பத்தி எழுதன்னு அவ கேட்டா உங்க யூனிட்டுக்கு கூட்டிட்டு போங்க சார், ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்து தைக்கிற பொண்ணுங்க, லைன் சூப்பர்வைசர், ஓவர்டைம் சண்டை, ஹாஸ்டல் கேட்டு பூட்டற நேரம், எல்லாத்தையும் பார்க்கட்டும். ஒண்ணு மட்டும், அவ எழுதறதுல முதலாளி கொஞ்சம் வில்லனா வந்தா கோவிச்சுக்காதீங்க.

அந்த டிராஃப்ட் முடிஞ்சதும் எனக்கு அனுப்ப சொல்லுங்க. அதுவரைக்கும் ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டாதீங்க.