வெயிலால் தோல் சுருங்காமல் இருக்க மூலிகை கேப்சூல் சாப்பிடலாமா?

நாலு மாதம் சாப்பிட்டுப் பார்த்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன். சாப்பிடலாம். ஆனால் அதை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், பட்டேன்.

என் வேலையில் பாதி நேரம் வெயிலில்தான் போகும். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றியபோது கவனித்தேன். பட்டைக்கு அடியில் இருந்த தோல் வழவழவென்று சின்னப் பையன் கை மாதிரி இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி, கருத்து, புள்ளி விழுந்து, சொரசொரப்பாக. இரண்டுக்கும் ஒரே வயதுதானே! அன்று இரவே கேப்சூலுக்கு ஆர்டர் போட்டேன்.

வந்தது பாலிபோடியம் லூக்கோடோமோஸ் என்ற பெரணிச் செடியின் சாறு, 240 மில்லிகிராம். மத்திய, தென் அமெரிக்காவில் வளரும் பெரணி அது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கினால், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற மூலக்கூறுகள் கிளம்பும். அவை, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும் நொதிகளை உசுப்பிவிடும். தோல் தொய்ந்து சுருங்குவதற்கு இது முக்கியக் காரணம். அந்த ராடிக்கல்களை இந்தச் சாறு அடக்கும் என்பதுதான் கணக்கு. சிறிய ஆய்வுகளில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு வெயிலில் தோல் சிவப்பது ஓரளவு குறைந்ததும் உண்மைதான். ஆனால் சிவப்பது ஒரு நாள் சமாச்சாரம், சுருக்கம் விழ வருடக்கணக்காகும். டப்பாவின் மேல் எழுதுகிறவர்கள் இரண்டையும் நைசாக ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

சுருக்கத்தையே நேராக அளந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குக் குறைந்த 903 பேரைப் பிரித்து, ஒரு பாதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மற்றவர்களை இஷ்டம்போல் விட்டார்கள். அதே ஆட்களில் சிலருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் ஆரஞ்சு நிறமி) மாத்திரை, சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நாலரை வருடம் கழித்துப் புறங்கையில் சிலிக்கோன் அச்சு எடுத்துத் தோலின் கோடுகளைப் பார்த்தார்கள். தினம் பூசியவர்களிடம் முதுமை அடையாளம் 24 சதவீதம் குறைவு. மாத்திரையால் ஒட்டுமொத்தமாக எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2013-ல் வெளியான இந்த முடிவை நான் முன்பே படித்திருந்தால் காசு மிச்சம்.

பீட்டா கரோட்டின் பற்றி இன்னொன்று. என் அக்கா அதை அதிகமாகச் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளாகி, மஞ்சள் காமாலை என்று பயந்து மருத்துவரிடம் ஓடினாள். கண் வெள்ளையாகவே இருந்ததால் தப்பினாள், நிறுத்தியதும் சரியாகிவிட்டது. சிகரெட் பிடிப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-லேயே தெரிந்துவிட்டது.

சரி, என் கதை. கேப்சூல்தான் போடுகிறோமே என்ற தைரியத்தில் இரண்டாம் மாதம் கிரீமை மறக்க ஆரம்பித்தேன். ஒருநாள் மதியம் முழுக்க வெளியே நின்றதில் பின்கழுத்து எரிந்து, மூன்றாம் நாள் தோல் உரிந்தது. சன்ஸ்கிரீனுக்கு மாற்றாக எந்த மாத்திரையும் கிடையாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018-ல் சொன்னதை அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

இப்போது முழுக்கைச் சட்டை, தொப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீம். வெயில் பட்டாலே அரிப்பும் தடிப்பும் வருகிற ஆளாக இருந்தால், பெரணிச் சாறு பற்றி உங்கள் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக அதை எழுதித் தருவதுண்டு.