வாசகர் கேள்வி பதில்: அந்தல்யாவில் எந்தக் கரை?

கேள்வி: ஜூலையில் துருக்கியின் அந்தல்யாவுக்குப் போகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, பிள்ளைகள் சின்னவர்கள். எந்தக் கடற்கரைப் பக்கம் அறை எடுக்கலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கரையை முடிவு செய்துவிட்டு அறையைத் தேடுங்கள் அம்மா. நகருக்கு மேற்கே இருக்கும் கொன்யால்தி படத்தில் அழகுதான். ஆனால் பெரும்பாலும் கூழாங்கல். போர்ட் டிக்சன் மணலில் பழகிய கால் அங்கே வெறுங்காலாக நாலடி தாங்காது. இறங்கிய சற்று நேரத்தில் ஆழம் கூடிவிடும். அலை திரும்பும்போது காலடிக் கல்லும் சேர்ந்து உருளும். முட்டிவலிக்காரர்கள் தடுமாறுவது, உள்ளே போகும்போதைவிட, கரையேறும்போதுதான். ஜப்பான் சிலிப்பர் கழன்று மிதக்கும். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த ரப்பர் செருப்பு வேண்டும்.

உங்களுக்கு லாராதான் சரி. நகருக்குக் கிழக்கே, மணல் கரை, ஆழமும் மெல்ல மெல்லத்தான் கூடும். ஹோட்டல்கள் தங்கள் முன்கரையில் நாற்காலி போட்டிருக்கும். 'ஹல்க் பிளாஜி' என்ற பலகை இருந்தால் அது பொதுக் கடற்கரை. போகும் வழியில் தூதன் அருவி செங்குத்துப் பாறையிலிருந்து நேராகக் கடலில் விழுவதைப் பூங்காவில் நின்றே பார்க்கலாம்.

பழைய நகரான கலெய்ச்சியில் தங்க வேண்டாம். கல் பாவிய சந்துகள், துறைமுகத்துக்கு இறங்கப் படிகள், பெட்டியை இழுக்கவும் முடியாது. மாலையில் ஒரு நடை போதும்: டிராமில் இஸ்மெத்பாஷா நிறுத்தத்தில் இறங்கினால், கி.பி. 130இல் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் வருகைக்காக எழுப்பிய மூன்று வளைவு வாசல் பக்கத்திலேயே.

ஜூலையில் வெயில் 35 பாகையைத் தாண்டும். காலை பத்துக்குள் குளித்து முடியுங்கள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல். எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மோரிப் மாதிரி கடல் வற்றிப் போகாது, ஆகவே நீர் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதில்லை.

கேள்வி: விசா வேண்டுமா?
– வாசகர், பீடோர்

பதில்: மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலாவாக 90 நாள்வரை வேண்டாம். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகட்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாடு?
– வாசகி, தாப்பா

பதில்: பருப்பு சூப்பும் சோறும்தான் ஏமாற்றும், இரண்டையும் இறைச்சி அல்லது கோழி வேகவைத்த நீரில் செய்வதுண்டு. 'எத் சுயு' (இறைச்சி நீர்), 'தவுக் சுயு' (கோழி நீர்) இருக்கிறதா என்று கேளுங்கள். கீரை, உருளைக்கிழங்கு வைத்துத் தோசைக்கல் மாதிரித் தகட்டில் சுடும் மெல்லிய ரொட்டியான கொஸ்லெமே பசியாற நல்லது. அந்தல்யாவின் பியாஸ், வெள்ளை பீன்ஸில் எள் விழுது கலந்தது. மேலே முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.