வாக்கு எந்த இடத்தில் தவறுகிறது? – கேள்வி பதில்

பாபநாசம் வட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல பொதுத்தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணிபுரிந்த பழக்கத்தில், டெல்டா மாவட்டத்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன். சட்டம் எது, என் கருத்து எது என்பது படிப்பவருக்கு விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

வாக்கு இயந்திரத்தை நம்பலாமா, ஐயா? சீட்டு முறைக்கே திரும்பிவிட்டால் என்ன? (வணிகர், கும்பகோணம்)

ஐயப்படுவது வாக்காளரின் உரிமை; ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஐயப்படுவது நல்லது. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, வேட்பாளர்களின் முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதியப்பட்டு, கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண்ணிக்கையும் பதிந்த வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் சீட்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அந்த மாதிரி வாக்குகள் அழிக்கப்பட்டு முத்திரை வைக்கப்படுகிறது. மாலையில் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்தியதும் மொத்த வாக்கு எத்தனை என்பதை 17-சி படிவத்தில் எழுதி, அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் சான்றொப்பமிட்ட நகல் தரவேண்டும் என்பது விதி. அந்த நகலில் கருவிகளின் எண்ணும் மொத்த வாக்கும் இருப்பதால், எண்ணும் மேசையில் வேறு கருவியோ வேறு எண்ணிக்கையோ வந்தால் அங்கேயே கையைப் பிடித்துக் கேட்க முடியும்.

நான் கடைசியாகப் பணியாற்றிய சாவடியில் காலையில் எட்டு முகவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது இருந்தவர்கள் மூவர், அவர்களில் ஒருவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “இது எதுக்கு சார்?” என்று கேட்டார். இயந்திரத்தைப் பற்றி மேடையில் முழங்கும் கட்சிகள் தங்கள் முகவருக்கு இந்த ஒரு தாளின் பயனைச் சொல்லிக்கொடுத்தால் பாதி ஐயம் தீரும். மீதிப் பாதிக்கு, இப்போது ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் ஐந்து சாவடிகளில் மட்டும் விவிபாட் சீட்டுகளை எண்ணுவதைக் கூடுதலாக்கலாம் என்பது என் கருத்து. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை.

தஞ்சாவூரில் தேர்தலையே நிறுத்தினார்களே, அதனால் பணப்பட்டுவாடா குறைந்ததா? (விவசாயி, ஒரத்தநாடு)

குறையவில்லை என்பதுதான் நேர்மையான விடை. 2016 மே 16 அன்று மாநிலம் முழுவதும் வாக்களித்தபோது தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் காத்திருந்தன. இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்த பிறகு தேர்தல் ஆணையம் அறிவிக்கையையே ரத்துசெய்து, நவம்பர் 19 அன்று புதிதாகத் தேர்தல் நடத்தியது. அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களை மீண்டும் நிறுத்தின. தண்டனை என்று பார்த்தால் ஆறு மாதம் உறுப்பினர் இல்லாமல் இருந்த தொகுதி மக்களுக்குத்தான் அது கிடைத்தது.

சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58-ஏ என்ற தெளிவான பிரிவு இருக்கிறது. பணம் கொடுத்தால் நிறுத்துவதற்கு அப்படி ஒரு பிரிவு இல்லாததால், ஆணையம் அரசமைப்பின் 324-ஆம் பிரிவு தரும் பொது அதிகாரத்தைக் கொண்டே இதைச் செய்தது. செலவு வரம்பும் அப்படித்தான். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று கட்டுப்பாடு உண்டு. கட்சிக்கோ வரம்பே கிடையாது. வாய்க்காலுக்கு மதகு வைத்துவிட்டு ஆற்றின் கரையை உடைத்து விட்டதைப் போன்ற ஏற்பாடு இது. கட்சிச் செலவுக்கு வரம்பும், பணம் கொடுத்ததற்காகத் தேர்தல் நிறுத்தப்பட்டால் அதற்குக் காரணமான வேட்பாளர் மறுதேர்தலில் நிற்கத் தடையும் வந்தாலொழிய, பறக்கும் படை எத்தனை கார்களைச் சோதித்தாலும் கவர் வீடு வந்து சேரும்.

எங்கள் உறுப்பினர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதும் தொகுதி நெடுநாள் காலியாகக் கிடந்தது. கட்சித்தாவல் சட்டம் யாருக்காக? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

உங்கள் மனக்குறை நியாயமானது, அம்மா. முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் 2017 செப்டம்பர் 18 அன்று நீக்கினார். அவர்களில் தஞ்சாவூர் உறுப்பினரும் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கத்தை உறுதிசெய்ய, இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்றுதான் நடந்தது. ஆக, 19 மாதங்கள். ஏற்கெனவே இழந்த ஆறு மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

1985-இல் 52-ஆவது திருத்தமாக வந்த இந்தச் சட்டத்தில் நான் காணும் குறை, ஒரு கட்சியின் சின்னத்தில் வென்று வந்த பேரவைத் தலைவரிடமே நீதிபதியின் வேலையை ஒப்படைத்ததுதான். இதற்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைப்பதைப் பற்றி நாடாளுமன்றம் எண்ணிப்பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2020 ஜனவரியில் சொன்னது. அத்துடன், நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா ஆகியவற்றைத் தவிர மற்றவற்றில் உறுப்பினர் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஓட்டு ஊரில் இருக்கிறது. ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து வர வேண்டியிருக்கிறது. வழி உண்டா? (நன்னிலம் பக்கத்துக் கிராமம்)

சட்டப்படி, வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 8-ஆம் படிவம் கொடுத்துத் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் உங்களைப் போன்றவர்கள் ஏன் மாற்றுவதில்லை என்பது எனக்குத் தெரியும்: வாடகை வீடு ஆண்டுக்கு ஒருமுறை மாறும், பட்டியலில் ஊர்ப்பெயர் போய்விட்டால் ஊரே போய்விட்டதாகத் தோன்றும். ஓர் இயந்திரத்திலேயே 72 தொகுதிகளுக்கு வாக்களிக்கும் தொலைதூர வாக்குப்பதிவுக் கருவியை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு அறிமுகப்படுத்த முனைந்தபோது, எதிர்க்கட்சிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அவர்கள் எழுப்பிய ஐயங்கள், குறிப்பாகத் தொலைவில் இருக்கும் சாவடியில் எந்த முகவர் உட்காருவார் என்பது, புறந்தள்ளத் தக்கவை அல்ல. என்றாலும், குறுவை அறுத்த கையோடு வேலை தேடிப் புறப்படும் ஆட்களைக் கொண்ட இந்த மாவட்டங்களில் நான் மற்ற எல்லாச் சீர்திருத்தத்துக்கும் முன்பாக இதைத்தான் வைப்பேன். வளைகுடாவிலிருந்து கேட்டிருந்த அன்பருக்கும் இதுவே விடை: 6-ஏ படிவத்தில் பதியலாம், வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும்.

நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தலா? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் இல்லை. அடுத்த நிலையில் இருக்கும் வேட்பாளர் வென்றவராவார். உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு தந்தது, விருப்பமின்மையை இரகசியமாகப் பதியும் உரிமையை மட்டுமே.

வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறை நமக்கு ஒத்துவருமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வேதாரண்யம்)

2014-இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 44 விழுக்காட்டு வாக்குடன் 39-இல் 37 இடங்களை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 24 விழுக்காடு வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 2024-இல் ஏறத்தாழ 20 விழுக்காடு வாங்கிய அ.தி.மு.க.வுக்கு அதே நிலை. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைச் சரியென்று சொல்வது கடினம்.

ஆனாலும் முழு விகிதாசார முறைக்கு என் மனம் ஒப்பவில்லை. கடைமடையில் இருப்பவர் நீங்கள். வாய்க்கால் தூர்வாரவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்? கட்சிப் பட்டியலிலிருந்து வந்த உறுப்பினருக்கு வாசலே இராது. தொகுதி உறுப்பினர்களை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதல் இடங்களை மட்டும் வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்று சட்ட ஆணையம் 1999-இல் பரிந்துரைத்த கலப்பு முறை எனக்கு ஏற்புடையது.

குடவோலை முறையே சிறந்தது என்கிறார்களே? (பள்ளி ஆசிரியர், திருவையாறு)

பெருமை கொள்ளலாம், அளவோடு. உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி 35 முதல் 70 வயது வரையுள்ள, சொந்த மனையில் வீடு கட்டிய, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமுடைய, வேதம் கற்ற ஆடவரின் பெயரே குடத்துக்குள் விழும். கால் வேலி என்றால் நம் கணக்கில் ஐந்து மா. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு ஓலை இல்லை. மேலும் அது குலுக்கல், வாக்களிப்பு அன்று. நான் மெச்சுவது அதிலுள்ள ஒரு விதியை: வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரோடு அவருடைய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படாது. இன்று செலவுக் கணக்குத் தராத வேட்பாளருக்கு மூன்றாண்டுத் தடை மட்டுமே உண்டு. அண்ணன் மகன் தாராளமாக நிற்கலாம்.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களா? (சீர்காழி)

மாட்டார்கள். நேரம் முடிந்ததும் அலுவலர் எண்ணிட்ட சீட்டுகளுடன் வெளியே வந்து, வரிசையின் வாலில் நிற்பவருக்கு ஒன்றாம் எண்ணைக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி வழங்கிக்கொண்டே வருவார். பின்னால் எவரும் புதிதாக ஒட்டிக்கொள்ள முடியாது. ஒருமுறை வாலில் நின்ற மூதாட்டி ஒருவர், ஒன்றாம் எண் தமக்கு என்றதும் நேரே உள்ளே நடக்கத் தொடங்கிவிட்டார். விளக்கிச் சொல்லி நிறுத்துவதற்குள், முன்னால் நின்றவர்களே “ஆத்தா போகட்டும் சார்” என்று வழிவிட்டார்கள்.